கலாயோகியும் துவக்குப் பிடியும்

வன்னி நாட்டின் வயற்கரைகளிலே வளர்ந்தவர்களுக்குத் துவக்கு புதுப்பொருளன்று. காட்டுப்பன்றியும் யானையும் வயலில் இறங்கும் காலங்களில் காவற்பரணிலே கமக்காரனுக்குத் துணையாக இருந்தது அதுவே. நாட்டுக் கொல்லர் செய்த இடியன் துவக்கு ஒருபுறம்; அனுமதிப் பத்திரம் பெற்று வாங்கிய ஆங்கிலத் துவக்கு மறுபுறம். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் ஒரு வேறுபாட்டைக் கண்டிருப்பர். ஆங்கிலத் துவக்கின் மரப்பிடியிலே, கை பற்றுகின்ற இடத்தில் மட்டும், மெல்லிய கோடுகள் இரு திசைகளிலும் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். அவற்றினிடையே சின்னஞ்சிறு வைரக்கற்களை ஒத்த மேடுகள் நிமிர்ந்து நிற்கும். இவ்வேலையை வரிவெட்டு என்று இங்கே சொல்லிக்கொள்வோம்.

இவ்வரிவெட்டு அழகுக்காகச் செய்யப்பட்டதா, பயனுக்காகச் செய்யப்பட்டதா என்று கேட்டால் விடை கூறுதல் எளிதன்று. வியர்த்த கையும் மழையில் நனைந்த கையும் வழுக்காமல் பிடியைப் பற்றிக்கொள்ள அது வேண்டும். அதே வேளையில், கோடுகள் ஒழுங்காக ஓடி ஓரிடத்திலும் பிசகாமல் எல்லைவரியில் வந்து முடிவதைக் காணும் கண்ணுக்கு அது விருந்தாகவும் அமைகிறது. ஐம்பது அறுபது ஆண்டுகள் பல கைகள் பற்றியபின் மேடுகள் தேய்ந்து மழுங்குகின்றன. பள்ளங்களில் எண்ணெயும் அழுக்கும் இறுகுகின்றன. அப்போது அழகு ஒருநாளும் பயன் ஒருநாளுமாகப் போவதில்லை. இரண்டும் ஒன்றாகவே போய்விடுகின்றன.

இச்சிறிய உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய வாழ்க்கையைப் படிக்கலாம் என்பது என் எண்ணம். அழகும் பயனும் இருவேறு பொருள்களல்ல என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டுவதற்கே தம் ஆயுளைச் செலவிட்டவர் நம் நாட்டில் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவர் துவக்குச் செய்பவருமல்லர், வேட்டைக்காரருமல்லர். துவக்கு என்ற சொல்லோ, 2009ஆம் ஆண்டுவரை நடந்த போரைக் கண்ட இம்மண்ணில், பலர் நெஞ்சிலே ஆறாத வடுவைத் தீண்டுகின்ற சொல். ஆகவே ஆயுதத்தின் புகழை நான் பாட வரவில்லை. அதன் மரத்திலே பதிந்திருக்கும் கைவேலையைப் பற்றியே பேசுகிறேன். அவ்வேலையைப் பழுதுபார்ப்பது எப்படி என்ற வினாவுக்குக் கலாயோகியின் வாழ்வைக் காட்டிலும் தெளிவான விடையை நான் எங்கும் கண்டதில்லை.

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. இங்கிலாந்தில் நியாயவாதப் பட்டம் பெற்றவர், சட்டசபை உறுப்பினர், அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கி 1863இல் வெளியிட்டவர், பாளி நூல்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் முத்துக் குமாரசுவாமியின் சகோதரி மக்கள் ஆவர். தமிழும் ஆங்கிலமும் சட்டமும் சமயமும் ஒருங்கே விளங்கிய குடும்பம் அது.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே, 1879ஆம் ஆண்டு மே மாதத்தில், தந்தையார் காலமானார். தாயும் மகனும் அப்போது இங்கிலாந்திலே இருந்தனர். அவர்களிடம் செல்வதற்கு அவர் கப்பலேற இருந்த நாளிலேயே மரணம் குறுக்கிட்டது. இவ்வாறாக, தமிழ்த் தந்தையின் மைந்தன் ஆங்கில நாட்டிலே, தாயின் அரவணைப்பிலே வளரலானான்.

அவர் பிறந்த அதே 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. வில்லியம் மொறிஸ் என்னும் கவிஞரும் கைவினைஞருமாகிய பெரியார், பழங்கட்டடங்களைக் காப்பதற்கென ஒரு சங்கத்தை நிறுவினார். அக்காலத்தில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று கூறிக்கொண்டு பலர் அவற்றின் சுவர்களைச் சுரண்டி, நூற்றாண்டுகளின் தடத்தையெல்லாம் நீக்கிப் புதியவைபோல ஆக்கிக்கொண்டிருந்தனர். மொறிஸ் அதனை எதிர்த்தார். பழையதைத் தாங்கி நிறுத்தலாம், ஒழுக்கை அடைக்கலாம், பழுதைத் திருத்தலாம். ஆனால் பழையதைச் சுரண்டி எறிந்துவிட்டு அதன் இடத்திலே போலியான பழமையை வைக்கலாகாது என்பதே அச்சங்கத்தின் கொள்கை. சுரண்டுதலுக்கு எதிரானவர்கள் என்றே அவர்களுக்கு ஒரு செல்லப்பெயரும் வழங்கிற்று. இக்கொள்கை பின்னாளில் குமாரசுவாமியின் வாழ்வோடு கலந்ததை இனிக் காண்போம்.

குளொஸ்ரர்சயர்ப் பகுதியிலுள்ள விக்கிளிவ் கல்லூரியிலே பயின்ற குமாரசுவாமி, இலண்டன் யூனிவேசிற்றிக் கல்லூரியிற் சேர்ந்து புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் தேர்ச்சி பெற்று 1900ஆம் ஆண்டில் பட்டதாரியானார். 1902இல் எதல் பாட்றிஜ் என்னும் பெண்மணியை மணந்தார். இவ்வம்மையார் பிற்காலத்தில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கைத்தறி நெசவாளராக விளங்கியவர். 1903ஆம் ஆண்டில் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குக் குமாரசுவாமி தலைவரானார். அப்பதவியில் இருந்தபோது தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளைக் கண்டறிந்தார். அதே பாதையில் நடந்திருந்தால் சிறந்த விஞ்ஞானி ஒருவராக அவர் பெயர் நிலைத்திருக்கும்.

ஆனால் கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தவரின் கண்ணுக்கு வேறொன்று தென்பட்டது. கண்டியரசின் காலத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்துவந்த தச்சர், கொல்லர், பொற்கொல்லர், யானைத்தந்த வேலைக்காரர், சித்திரக்காரர் ஆகியோரின் குடும்பங்களை அவர் கண்டார். அவர்களின் முன்னோர் அரசனுக்கும் கோயில்களுக்கும் பணிசெய்து, அதற்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தவர்கள். 1815இல் கண்டியரசு வீழ்ந்தது. ஆதரித்த அரசன் இல்லாதொழிந்தான். அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள் இராசகாரிய முறையும் நீக்கப்பட்டது. பல குடிகளைக் கட்டாய வேலையினின்று விடுவித்த நன்மை அதனால் விளைந்ததென்பது உண்மையே. ஆயினும் கைவினைஞன் சார்ந்து நின்ற பழைய ஏற்பாடும் அதனோடு தளர்ந்தது. பின்னர் மலிவான இறக்குமதிப் பொருள்கள் கடைகளிலே குவிந்தபோது அவன் கையிலிருந்த உளிக்கு வேலை இல்லாமற் போயிற்று.

கண்டி நாட்டுத் துவக்குகளும் அக்கைவினைகளுள் ஒன்று. நீண்ட இரும்புக் குழாய். சுருண்டு வளைந்த தோட்கட்டை. அதன்மேற் கொடியும் இலையுமாகச் செதுக்கிய வேலை. இடையிடையே யானைத்தந்தமும் வெள்ளியும் பதித்த அணி. ஐரோப்பியரிடமிருந்து கண்ட கருவியை இந்நாட்டார் தம் கலைமரபுக்குள் ஏற்றுத் தமதாக்கிக்கொண்டதற்கு அவை சான்று. ஐரோப்பாவிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதற்கொண்டு துவக்குத் தச்சர்கள் பிடியில் வரிவெட்டை வளர்த்தனர். ஒரு நாட்டார் கொடியைச் செதுக்கினர். மற்றொரு நாட்டார் கோட்டை வெட்டினர். இரண்டும் கருவியின் உடலிலேயே, அதன் தொழிலோடு பொருந்தி எழுந்தவை.

1905ஆம் ஆண்டில் குமாரசுவாமி கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பழைய கட்டடங்களும் அவற்றின் வேலைப்பாடும் கவனிப்பாரற்று அழிவதையும், திருத்துகிறோம் என்ற பெயரில் சிதைக்கப்படுவதையும் எடுத்துரைத்து, அவற்றைக் காக்கும் கடமை அவர்களுக்குண்டு என வற்புறுத்தினார். அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தையும் தோற்றுவித்தார். மேனாட்டு உடையையும் பழக்கத்தையும் சிந்தனையின்றிப் பின்பற்றுதலைக் கண்டித்தல், தாய்மொழிக் கல்வியை வளர்த்தல், உள்நாட்டுக் கைவினைகளை ஆதரித்தல் ஆகியன அச்சங்கத்தின் நோக்கங்கள். 1906இல் ஆய்வுப் பதவியை விட்டு நீங்கினார். இலண்டன் சருவகலாசாலை அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் அளித்ததும் அவ்வாண்டிலேயே. விஞ்ஞானத்தில் உச்சியைத் தொட்ட ஆண்டிலே அதனை விட்டுக் கலைக்குத் திரும்பினார் என்பது கவனிக்கத்தக்கது.

இங்கிலாந்துக்கு மீண்டவர், புறோட் காம்டன் என்னும் சிற்றூரிலே, நோர்மானியர் காலத்துப் பழைய தேவாலயம் ஒன்றைத் தம் இல்லமாக்கிக்கொண்டார். இடிந்து கிடந்த அக்கட்டடத்தைச் செப்பனிட்டுக் கொடுத்தவர் ஆஷ்பி என்னும் கட்டடக் கலைஞர். மொறிஸின் கொள்கைவழி நின்றவர். கைவினைஞர் சங்கம் ஒன்றை அமைத்து அயலூரிலே நடத்திவந்தவர். பழங்கற்களைப் பழங்கற்களாகவே விட்டு, புதிதாகச் சேர்த்த பகுதியைப் புதியதென்று தெரியுமாறே சேர்ப்பது அவ்வழியினரின் முறை. அந்த இல்லத்திலே குமாரசுவாமி ஓர் அச்சுப்பொறியை நிறுவினார். மொறிஸ் தமது புகழ்மிக்க சோசர் பதிப்பை அச்சிட்ட அதே கைப்பொறிதான் அது! அதிலே 1907 முதல் 1908 வரை ஏறத்தாழப் பதினைந்து மாதங்கள் உழைத்து, மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை அச்சிட்டார். வெளிவந்தவை 425 பிரதிகள் மாத்திரமே. கைவினையைப் பற்றிய நூலைக் கைவினையாகவே ஆக்கியளித்தார். நூலுக்கு வேண்டிய நிழற்படங்களை எடுத்துதவியவர் எதல் அம்மையார். பழைய கைவினைஞரின் செய்முறை, கருவி, அளவு, வண்ணம், கூலி, நில உரிமை ஆகிய எல்லாவற்றையும் அந்நூல் பதிவு செய்தது. அது எழுதப்படாதிருப்பின் அவ்வறிவின் பெரும்பகுதி அக்கிழவர்களோடேயே மண்ணிற் போயிருக்கும்.

இவ்விடத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்லல் பொருத்தமாகும். எழுபதுகளின் தொடக்கத்திலே, நான் மாணவனாயிருந்த காலத்தில், எங்கள் பகுதியில் இரண்டு வீடுகளில் ஆங்கிலத் துவக்குகள் இருந்தன. இரண்டிலும் பிடியின் வரிவெட்டு தேய்ந்து போயிருந்தது. ஒரு வீட்டார் தம் துவக்கை அயலூர்த் தச்சர் ஒருவரிடம் கொடுத்தனர். அவர் தேய்ந்த கோடுகளை அரத்தாளால் உரைத்து நீக்கி, பிடியை வழுவழுப்பாக்கி, வார்ணிஷ் பூசிக் கொடுத்தார். பார்ப்பவர் எல்லாரும் புதிதுபோல் மின்னுகிறதென்று மகிழ்ந்தனர். மாரி பிறந்தது, நனைந்த கையிலே பிடி வழுக்கிற்று. உரைத்ததனால் மரம் மெலிந்து, அதனோடு பொருந்தியிருந்த இரும்புத் தகட்டின் விளிம்பு கையை அறுத்தது. போன மரத்தை யார் திருப்பிக் கொடுப்பார்?

மற்ற வீட்டாரின் துவக்கு வயதான ஆசாரியார் ஒருவரிடம் சென்றது. அவர் முதல் நாள் முழுவதும் உளியைத் தொடவில்லை. மதுசாரத்தில் நனைத்த சிறு தூரிகையால் பள்ளங்களில் இறுகியிருந்த அழுக்கை மெல்ல மெல்லக் கரைத்து எடுத்தார். அழுக்கு நீங்கியபின்பே எங்கே கோடு உயிரோடிருக்கிறது, எங்கே மறைந்துவிட்டது என்பது தெரிந்தது. பிடியின் கீழ்ப்புறத்திலும் எல்லைவரியின் ஓரத்திலும், கை அதிகம் படாத இடங்களில், பழைய வரிகள் கூர்மையோடு இருந்தன. அவற்றையே அவர் தம் ஆசானாகக் கொண்டார். ஓர் அங்குலத்துக்கு எத்தனை வரி என்று எண்ணினார், இருபது இருந்தன. ஒவ்வொரு மேடும் அகலத்தைப்போல மூன்று மடங்கு நீளம். இந்த அளவிற் கணக்கிட்டால் ஒரு சதுர அங்குலத்திலே ஏறத்தாழ 240 மேடுகள் அமையும். அவற்றுள் ஒன்று கோணினாலும் கண் உடனே அதனைக் கண்டுகொள்ளும்.

கருவியை அவரே செய்துகொண்டார். முறிந்துபோன முப்பட்டை அரமொன்றின் நுனியை வளைத்து, ஒரே ஒரு பள்ளத்தில் மாத்திரம் செல்லுமாறு உரைத்துக் கூராக்கினார். ஒரே தடவையில் இரண்டு வரி வெட்டும் கருவி விரைவாக வேலை செய்யாதா என்று கேட்டவர்க்கு, கையால் வெட்டிய பழைய வரிகளின் இடைவெளி எங்கும் ஒரே அளவாக இராதென்றும், இரட்டைக் கருவி தன் அளவையே மரத்தின்மேல் திணிக்குமென்றும் விளக்கினார். எஞ்சியிருந்த வரியின் முனையிலே கருவியை ஊன்றி, அரை அங்குலம் அரை அங்குலமாக முன்தள்ளி, மறைந்துபோன இடத்தினூடே அதனை மறுமுனையோடு இணைத்தார். ஒரு திசையின் வரிகள் யாவும் முடிந்தபின்பே மறு திசை. ஆழத்தை ஒரேயடியாக எடுக்காமல் மூன்று நான்கு தடவையாக எடுத்தார். மேடுகளின் உச்சி பழைய வேலையில் எந்த அளவு கூராயிருந்ததோ அந்த அளவுக்கு மேல் கூராக்கவுமில்லை. மிகப் பழைய ஆங்கிலத் துவக்குகளில் மேட்டின் தலை தட்டையாகவே விடப்படுவதுண்டு. அதனைக் கூராக்குவது திருத்தமாகாது. ஈற்றில் ஆளிவிதை எண்ணெயை மிகச் சிறிதளவே தேய்த்து, எஞ்சியதைத் தூரிகையால் துடைத்தெடுத்தார். எண்ணெய் மிகுந்தால் அதுவே மீண்டும் பள்ளத்தை அடைத்துவிடும்.

அவ்வாசாரியார் மொறிஸின் பெயரையோ ஆஷ்பியின் பெயரையோ அறிந்தவரல்லர். ஆயினும் சுரண்டலாகாது, எஞ்சியிருப்பதே வழிகாட்டி, பழைய கையின் போக்கை என் கையால் மாற்றலாகாது என்ற மூன்று நெறிகளும் அவர் செயலிலே விளங்கின. பின்னர் நான் குமாரசுவாமியின் நூல்களைப் படித்தபோது அவை புதியனவாகத் தோன்றாமைக்குக் காரணம் இதுவே.

குமாரசுவாமியின் வாழ்வை மீண்டும் தொடர்வோம். 1909இல் இந்தியக் கைவினைஞன் என்னும் நூலை வெளியிட்டார். தொழிலாளி தன் வேலையிலே சிந்தனையும் விருப்பும் கலந்து ஈடுபடும் சமுதாயமே நலமுடையது என்றும், கையை மட்டும் வாங்கி மனத்தை வேண்டாமென்று ஒதுக்கும் தொழிற்சாலை முறை மனிதனைக் குறைப்படுத்துவது என்றும் அதிலே வாதித்தார். பின் இந்தியாவிலே பல ஆண்டுகள் பயணஞ்செய்து, சிற்பங்களையும் ஓவியங்களையும் சேகரித்தார். இராசபுத்திர ஓவியம் என்ற ஒரு மரபு உண்டென்பதை உலகறிய நிலைநாட்டிய அவரது நூல் 1916இல் வெளிவந்தது. தாம் சேகரித்தவற்றைக் கொண்டு காசியிலே ஒரு தேசிய நூதனசாலை அமைக்கவேண்டும் என்று விரும்பினார். தம் சேகரிப்பை அளிக்கவும் முன்வந்தார். அதற்கு ஆதரவு கிட்டவில்லை. 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலை அவரை அழைத்தது. சேகரிப்பின் பெரும்பகுதியும் அவரோடு அங்கே சென்றது. நம் நாடுகள் வேண்டாமென்று விட்டதை அயல்நாடு ஏற்றுப் போற்றியது. அன்றுமுதல் ஈற்று நாள்வரை, முப்பது ஆண்டுகள், அந்நூதனசாலையே அவரது பணிக்களமாயிற்று. சிவபெருமானின் ஆனந்தத் தாண்டவத்தின் பொருளை மேனாட்டார் உணருமாறு விளக்கிய கட்டுரையைத் தாங்கிய தொகுதி 1918இல் வெளிவந்தது. இந்திய, இந்தோனேசியக் கலைகளின் வரலாறு 1927இல் வெளிவந்தது.

நூதனசாலையிலே பணியாற்றியவர் நூதனசாலையையே கேள்விக்குள்ளாக்கினார் என்பது அவர் வாழ்வின் வியப்புகளுள் ஒன்று. கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்கவேண்டும் என்ற வினாவையே தலைப்பாக்கி 1943இல் ஒரு நூல் வெளியிட்டார். கண்ணாடிப் பேழைக்குள்ளே இருக்கும் கிண்ணம் ஒருகாலத்தில் நீர் பருகுவதற்கென்றே செய்யப்பட்டது. அதன் தொழிலை மறந்து வடிவத்தை மாத்திரம் வியப்பவன் அதனை அரைகுறையாகவே அறிகிறான் என்பது அவர் கருத்தின் சாரம். 1939ஆம் ஆண்டில் அணி என்பதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. அலங்காரம் என்ற வடசொல்லை அவர் பகுத்துக் காட்டினார். அலம் என்பது போதுமானது, நிறைவானது; காரம் என்பது ஆக்குதல். ஆகவே அலங்காரம் என்பது ஒரு பொருளைத் தன் தொழிலுக்கு நிறைவுடையதாக ஆக்குதலே. மேலே பூசிய மிகை என்ற பொருள் பிற்காலத்து வீழ்ச்சி. கிரேக்க, இலத்தீன், ஆங்கிலச் சொற்களிலும் இதே வீழ்ச்சி நிகழ்ந்ததை அவர் எடுத்துக்காட்டினார்.

தமிழாசிரியர்கள் இங்கே நம் அணி என்ற சொல்லையும் எண்ணிப் பார்க்கலாம். மகளிர் பூண்பதும் அணி; செய்யுளின் அழகும் அணி; போருக்கு வகுத்து நிறுத்திய படையும் அணி. மூன்றிலும் பொதுவாயிருப்பது வீணான மினுக்கமன்று. உரியது உரிய இடத்தில் ஒழுங்குபட நிற்றல். துவக்குப் பிடியின் வரிவெட்டுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேறு வேண்டுமா? அதை நீக்கினால் அழகு மட்டும் குறைவதில்லை, கருவியே குறைபடுகிறது.

இதற்கு மறுதலையான காட்சியையும் உலகம் கண்டது. அமெரிக்காவின் வின்செஸ்ரர் நிறுவனம் தன் துவக்குகளிலே கையால் வரிவெட்டும் வழக்கத்தை விட்டு, 1964ஆம் ஆண்டு முதல் சூடேற்றிய அச்சினால் மரத்தை அழுத்தி வரி பதிக்கும் முறையைக் கைக்கொண்டது. செலவு குறைந்தது. ஆனால் வெட்டிய வரியிலே மேடு நிமிர்ந்து நிற்கும். அழுத்திய வரியிலே மேடு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்தது. பார்வைக்கு வரிவெட்டின் சாயல். கைக்கோ அதன் பிடிப்பு இல்லை. அந்த ஆண்டுக்கு முந்தியவற்றையே இன்றளவும் சேகரிப்போர் தேடிப் பெறுகின்றனர். பயனிலிருந்து பிரிந்த அணி வெறும் சாயலாகும் என்ற கலாயோகியின் கருத்துக்கு, அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளின்பின் ஒரு தொழிற்சாலையே சான்று வழங்கியது.

எனினும், பெரியார் ஒருவரைப் போற்றுவது அவர் கூறியன யாவற்றையும் ஏற்பதாகாது. குமாரசுவாமி பரம்பரைத் தொழில்முறையை மிக உயர்வாகப் போற்றினார். தந்தையிடம் மகன் கற்கும் முறையில் தொழிலின் நுட்பமும் பக்தியும் காக்கப்படுகின்றன என்பது அவர் கொள்கை. அதன் மறுபக்கத்தை நம் ஊர்கள் அறியும். பிறப்பினால் ஒருவனை ஒரு பட்டறையிலே கட்டிவைத்த அதே முறை, தான் செய்து மாட்டிய கதவுக்கு வெளியே அவனை நிறுத்தியும் வைத்தது. நான் குறிப்பிட்ட ஆசாரியாரின் மைந்தர்கள் அத்தொழிலைத் தொடரவில்லை. கூலியின் குறைவு ஒரு காரணம். மதிப்பின் குறைவு பெரிய காரணம். கைவினை அழிகிறதே என்று இரங்குபவர், கைவினைஞனுக்கு நாற்காலி கொடுத்தோமா என்று முதலில் தம்மையே கேட்கவேண்டும். கலாயோகியின் கொள்கையில் நிலைத்து நிற்பது பிறப்பைப் பற்றிய பகுதியன்று. செய்யும் வேலையிலே முழு மனத்தையும் வைப்பவன் எத்தொழிலினனாயினும் கலைஞனே என்ற பகுதியேயாகும். அதனை எக்குடியிற் பிறந்த மாணவனுக்கும் கற்பிக்கலாம்.

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவருக்கு எழுபது வயது நிரம்பிற்று. நூதனசாலைப் பணியினின்று நீங்கி, இந்தியாவுக்குத் திரும்பி, ஈற்றுக் காலத்தைத் தவத்திலே கழிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். இந்தியா சுதந்திரம் பெற்ற மாதமும் அதுவே. ஆனால் மூன்று வாரங்கள் கழியுமுன்னரே, செப்டெம்பர் 9ஆம் திகதி, மசச்சூசெற்ஸ் மாகாணத்து நீடம் என்னும் ஊரிலே அவர் உயிர் நீத்தார். தந்தையைப் போலவே மைந்தனும், புறப்பட எண்ணிய பயணத்தின் வாயிலிலே நின்று மறைந்தார்.

அவர் கவலைப்பட்டவை முற்றாக மறைந்துவிடவில்லை என்பதற்கு அண்மைக்காலச் செய்தியொன்றைக் கூறலாம். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எடுத்துச் சென்று, பின் அம்ஸ்ரடாம் நகரிலே காட்சிக்கு வைத்திருந்த ஆறு பொருள்கள் 2023ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கைக்கு மீண்டன. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த பீரங்கியோடு, மகா துவக்கு எனப்படும் பெருந்துவக்குகள் இரண்டும் அவற்றுள் அடங்கும். சிங்களத்திலும் துவக்கு, வன்னித் தமிழிலும் துவக்கு. சொல்லும் ஒன்று, கைவினையும் ஒரே தீவினது. அவை கொழும்பு நூதனசாலையிலே இருக்கின்றன. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அப்பொருள்களின் முன்னே நின்று போர்க்கதைகளை மட்டும் சொல்லி நகர்ந்துவிடாமல், மரத்திலே உளி சென்ற பாதையையும் சுட்டிக்காட்டவேண்டும்.

வன்னியிலே அந்தப் பழைய ஆங்கிலத் துவக்குகள் இன்று அருகிவிட்டன. போராண்டுகளில் வீடுகளை விட்டுப் போனவை பல. அவற்றை மீண்டும் காண நான் ஏங்கவில்லை. ஆனால் தேய்ந்துபோனவை அவை மட்டுமல்லவே. சிதைந்த கோயில் மண்டபங்கள், தூர்ந்த குளக்கட்டுகள், கதவிழந்த பழைய வீடுகள், கரையான் அரித்த ஏட்டுச்சுவடிகள் ஆகியன நம்மைச் சுற்றியிருக்கின்றன. அவற்றைத் திருத்த எழும் ஒவ்வொரு கையின் முன்னும் அதே இரண்டு வழிகள் கிடக்கின்றன. ஒன்று, உரைத்து வழுவழுப்பாக்கி வார்ணிஷ் பூசும் வழி. மற்றது, அழுக்கை நீக்கி, எஞ்சியிருக்கும் வரியைக் கண்டுபிடித்து, அது காட்டும் திசையிலே அரை அங்குலம் அரை அங்குலமாகச் செல்லும் வழி. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி எழுபது ஆண்டுகள் வாழ்ந்து காட்டியது இரண்டாவது வழியை.